குவாங் ஙாய் பாட்டிக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

கடந்த ஐப்பசியில் அம்மாவும் நானும் வியட்நாம் போய்வந்தோம். திருச்சியிலிருந்தே சைகோனுக்கு நேரடி விமானம் கிடைத்தது. இணையவழி விசா வந்துவிட்டது. இறங்கியதும் தங்க ஒரு சிறு விடுதி. மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். நடு வியட்நாமில் இருக்கிற மீ சன் சிவன் கோயில்களை அம்மா பார்க்க வேண்டும், அங்கே ரயிலில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை.

பெட்டி வந்து சேரவில்லை. ரயில் பாதி வழியில் நின்றது. ஆறுகள் கரை மீறின. இத்தனைக்கும் நடுவே அம்மா ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை, நாங்கள் ஓர் இரவுகூடத் தெருவில் நிற்கவில்லை. அதற்குக் காரணமான உங்களுக்கு அங்கே எங்களால் கைகூப்பத்தான் முடிந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று முழுதாகச் சொல்ல எனக்குத் தமிழ் வேண்டியிருக்கிறது. வழியில் குவாங் ஙாய் ஊரில் எங்களைத் தன் வீட்டில் தங்கவைத்த பாட்டியின் பேத்தி இந்த மடலைத் தன் கைப்பேசியில் மொழிபெயர்த்து, உரியவர்களுக்குப் படித்துக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். நம் ஊர்க்காரர்களும் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில் சைகோன். ஹோ சி மின் நகரம் என்று 1976-இல் பெயர் மாறிவிட்டாலும், ஊர்க்காரர்கள் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். விமான நிலையத்தில் எல்லாருடைய சாமான்களும் வந்து முடிந்து, பெல்ட் நின்ற பிறகும் எங்கள் பெட்டி வரவில்லை. என் கைப்பேசியில் இன்னும் சிம் போடவில்லை. வேலைக்காக அங்கே வந்திருந்த பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவர் தன் கைப்பேசியைக் கொடுத்து, புகார்ப் படிவத்தை நிரப்பி முடிக்கும்வரை கூடவே நின்றார். ஊர் பெயரைத் தவிர உங்களைப் பற்றி எதுவும் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டோம், தம்பி. நன்றாக இருங்கள்.

விடுதி ஒரு சந்துக்குள் இருந்தது. எதிரும் புதிருமாக இரண்டு மோட்டார் சைக்கிள் வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். விடிந்ததும் சந்து முழுக்க வாசல்கள் திறந்துகொண்டன. வாசலிலேயே அடுப்பு, வாசலிலேயே சாப்பாடு, முழங்கால் உயரத்துக்குக் குட்டி நாற்காலிகள். ஒவ்வொரு கடையிலும் தரையோடு தரையாக ஒரு சின்னச் சாமி மாடம். உள்ளே சிரித்த முகத்தோடு இரண்டு கிழவர்கள், முன்னால் ஊதுபத்தி, வாழைப்பழம், ஒரு கடையில் காப்பிகூட வைத்திருந்தார்கள். அம்மா ஒவ்வொரு மாடத்துக்கும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். கடைக்காரர்கள் யாரும் அதை வேடிக்கையாகப் பார்க்கவில்லை. பதிலுக்கு அவர்களும் தலை தாழ்த்தினார்கள். அந்த நாடு எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

விடுதி வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணே, உனக்குப் பெரிய நன்றி. அம்மாவிடம் மாற்றுப் புடவை இல்லை என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ப் பூப்போட்ட சட்டையும் அதே துணியில் கால்சட்டையும் வாங்கி, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து தந்தாய். அந்த ஊர்ப் பெண்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் நாள் முழுக்க உடுத்துவது அது. புடவையைத் தவிர வேறெதுவும் கட்டாத அம்மா அதைப் போட்டுக்கொண்டு, "காத்தோட்டமா, மரியாதையா இருக்குடி" என்றார். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, உன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்முன் ஒருமுறை என்று எங்கள் பெட்டிக்காக நீ தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தாய். நாங்கள் கேட்காமலே பேசினாய்.

பென் தான் சந்தை அருகே லாட்டரிச் சீட்டு விற்கும் அம்மாவுக்கு இந்த மடல் போய்ச் சேர வழியில்லை. ஆனாலும் எழுத வேண்டும். அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டம் விட்டுக்கொடுப்பதே இல்லை. நாங்கள் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தோம். அவர் வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது, பின்வாங்கவே கூடாது, ஒரே நடையில் போக வேண்டும் என்று கையாலேயே சொல்லி, அப்படியே கூட்டிக்கொண்டு போனார். வண்டிகள் இரண்டு பக்கமும் விலகிப் போயின. ட்ருவோங் டின் தெருவில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்பினால், அதே முனையில் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். மறுபடி கையைப் பிடித்து அந்தப் பக்கம் விட்டுவிட்டுத்தான் தன் வழியில் போனார். எங்களிடம் சீட்டு வாங்கச் சொல்லவும் இல்லை.

அந்தக் கோயிலைப் பற்றி இரண்டு வார்த்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ் வணிகர்கள் கட்டியது. அம்மனுக்கு ஒரு பக்கம் மதுரைவீரன், மறுபக்கம் பேச்சியம்மன். இன்று அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களும் சீனர்களும். கருவறைக்குப் பின்சுவரில் நெற்றியை வைத்து வேண்டுதலைக் கல்லிடம் மெல்லச் சொல்கிறார்கள். பெட்டி கிடைக்க வேண்டும் என்று நானும் சொன்னேன். வாசலில் பூ விற்ற பெண் அம்மாவுக்கு ஒரு முழம் மல்லிகை தந்து காசு வேண்டாம் என்றார்.

இனி பாட்டி.

மீ சன் போக நாங்கள் ரயிலில் இறங்க வேண்டிய ஊர் டா நாங். சைகோனிலிருந்து அங்கே ரயில் பாதை 935 கிலோமீட்டர். ஹனோய் வரை போகும் 1,726 கிலோமீட்டர் பாதையில் பாதிக்கு மேல். நான்கு படுக்கை உள்ள பெட்டியில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டுமே மேல்படுக்கை. கீழே ஒரு பாட்டியும், சைகோன் கல்லூரியில் படிக்கிற பேத்தியும். அம்மா ஏணியை அண்ணாந்து பார்த்ததைப் பார்த்ததும் பேத்தி ஒரு சொல்லும் பேசாமல் தன் போர்வையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். பாட்டி வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். நாங்கள் சைவம் என்பதைச் சொல்ல "சாய்" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. புத்த மதத்தவர் பலர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மாமிசம் சாப்பிட மாட்டார்கள். அதற்கான உணவுக்கு அதுதான் பெயர். பாட்டி அதைக் கேட்டதும் தன் மார்பைத் தொட்டுக்காட்டி, நாளைக்குத் தானும் அப்படித்தான் என்றார்.

இரவெல்லாம் மழை. நம் டெல்டாவுக்கு ஐப்பசி மழையைக் கொண்டுவருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்று, அங்கே ட்ருவோங் சன் மலைத்தொடரில் முட்டி நடு வியட்நாம் முழுவதையும் நனைக்கிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே நிலம் ஒடுக்கம், ஆறுகள் குட்டை, மலையில் பெய்தது சட்டென்று ஊருக்குள் வந்துவிடுகிறது. விடியும்போது குவாங் ஙாய் நிலையத்தில் ரயில் நின்றது. வடக்கே தண்டவாளத்தின் மேல் தண்ணீர். எங்கள் ரயில்பெட்டியைக் கவனித்துக்கொண்ட ரயில்வே அம்மையார் காகிதத்தில் நேரத்தை எழுதி, பேருந்துப் படமும் வரைந்து புரியவைத்தார்: சாலை வடிந்த பிறகு டா நாங் பயணிகளைப் பேருந்தில் அனுப்புவார்கள், எப்போது என்று உறுதியாகத் தெரியாது. புது விவரம் கிடைத்தபோதெல்லாம் எங்களிடம் வந்து காகிதத்தில் பழைய நேரத்தைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புது நேரத்தை எழுதினார். அவருக்கும் நன்றி.

பாட்டியின் ஊரே குவாங் ஙாய்தான். பேத்தியோடு இறங்கிப் போய்விட்டார். சிறிது நேரத்தில் நடைமேடையில் ஈரக்குடையோடு திரும்பி வந்தார். பெட்டிக்குள் ஏறினார். அம்மாவின் துணிப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். வா என்றுகூடச் சொல்லவில்லை. பை போகிறதே என்று அம்மா பின்னால் போனார், நான் அம்மாவின் பின்னால் போனேன்.

பாட்டி, உங்கள் வீட்டுச் சந்தில் அப்போதே கணுக்கால் தண்ணீர். உங்களுக்கே ஆயிரம் வேலை. அரிசி மூட்டைகளைக் கட்டிலில் ஏற்ற வேண்டும், குளிர்பதனப் பெட்டியை மேசைமேல் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் மகன் எங்கள் கடவுச்சீட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு மழையில் போலீஸ் நிலையத்துக்குப் போனார். வெளிநாட்டார் யார் வீட்டில் தங்கினாலும் வீட்டுக்காரர் பதிவு செய்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். எங்களை நிலையத்திலேயே விட்டிருந்தால் அவருக்கு அந்த அலைச்சலே இல்லை. நனைந்து வந்து, உறையைத் துடைத்து, இரண்டு கைகளாலும் அம்மாவிடம் நீட்டினார்.

அன்று ஐப்பசிப் பௌர்ணமி. நம் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். வருஷம் தவறாமல் கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர் அம்மா, இந்த வருஷம் தவறிவிட்டதே என்று காலையிலிருந்து முகம் வாடியிருந்தார். மழை ஓய்ந்த இடைவெளியில் நீங்கள் எங்களைத் தெருக்கோடி புத்தர் கோயிலுக்கு அழைத்துப்போனீர்கள். பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே சோறு போட்டார்கள். வெள்ளைச் சோறு, மேலே டோஃபுவும் காளானும், கீரைச் சாறு. வெள்ளத்தால் சமைக்க முடியாத வீட்டாருக்குத் தூக்குப் பாத்திரங்களிலும் போய்க்கொண்டிருந்தது. அம்மா கிண்ணத்தைக் கையில் வாங்கினார், சோற்றைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் "அன்னாபிஷேகம் ஆச்சுடி" என்றார். உங்களிடம் அன்று இதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை, பாட்டி. இப்போது சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் நீங்கள் வெற்றிலைத் தட்டை எடுத்தீர்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. கும்பகோணத்துக்காரியான என் அம்மாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! நீங்கள் மடித்த விதத்தை அம்மா பார்த்தார், அம்மா காம்பு கிள்ளி நரம்பு எடுத்த விதத்தை நீங்கள் பார்த்தீர்கள். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் இரவு வரை பேசிக்கொண்டிருந்தீர்கள். நானும் பேத்தியும் கைப்பேசியை வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க முயன்றோம். உங்கள் இருவருக்கும் அது தேவைப்படவில்லை.

தண்ணீர் படி ஏறாமல் நின்றது. சாலை திறந்ததும் உங்கள் மகன் முதலில் அம்மாவையும் பிறகு என்னையும் மோட்டார் சைக்கிளில் பேருந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் பணம் நீட்டியபோது என் விரல்களை மடக்கி அதன்மேல் தட்டினார். பேருந்து புறப்படும் நேரத்தில் மறுபடி ஜன்னலருகே வந்து வாழைப்பழச் சீப்பு ஒன்றை உள்ளே திணித்தார். இரவு டா நாங்கில் நாங்கள் அறைக்குள் நுழைகிறபோதே பேத்தி அழைத்துவிட்டாள்.

டா நாங்குக்கு எங்கள் பெட்டியும் வந்தது. நாங்கள் கிளம்பிய பிறகு சைகோன் விடுதிக்கு வந்து சேர்ந்த பெட்டியை அந்த வரவேற்பு மேசைப் பெண் தன் ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி ஓட்டிப்போய், வடக்கே வரும் தொலைதூரப் பேருந்தில் ஏற்றி அனுப்பியிருந்தாள். கைப்பிடியில் என் பெயரும் எண்ணும் எழுதிய அட்டை. பேருந்து ஓட்டுநரும் பெட்டியை வைத்துவிட்டுப் போகாமல், நாங்கள் வரும்வரை காத்திருந்து கையில் கொடுத்தார். மாரியம்மனுக்கும் இதில் பங்கு உண்டு என்பது அம்மாவின் கட்சி. எனக்கும் மறுப்பில்லை.

டா நாங்குக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய துறைமுக ஊர் ஹோய் ஆனில் வெள்ளம் வடிந்து சேறு கழுவிக்கொண்டிருந்தார்கள். பழைய வீடுகளில் மாடித் தரையில் ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள், தண்ணீர் வந்தால் சாமான்களை அதன் வழியே மேலே ஏற்றிவிடுவார்கள். அப்படி ஒரு வீட்டில், துடைப்பத்தைச் சாத்திவிட்டு, 1964, 1999 வெள்ளங்கள் எங்கே வரை ஏறின என்று கையை உயர்த்திக் காட்டிய பெரியவருக்கு நன்றி. தன் வேலைக்கு நடுவே எங்களுக்குத் தேநீரும் போட்டுத் தந்தார்.

கடைசியாக மீ சன். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பகுதியை அன்று ஆண்ட சம்பா என்ற நாட்டின் அரசன் பத்ரவர்மன் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவலிங்கம் நிறுவிய பள்ளத்தாக்கு. பதிமூன்றாம் நூற்றாண்டு வரை அங்கே செங்கல் கோயில்கள் எழுந்தன. அவற்றில் மிகப் பெரியதை 1969-இல் அமெரிக்கக் குண்டுகள் தகர்த்தன. மிச்சம் இருந்ததை நிற்க வைத்தவர்களில் ஒருவர் போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் காசிமியர்ஸ் க்வியட்கோவ்ஸ்கி. அந்தப் பணியிலேயே ஆண்டுகளைக் கழித்து 1997-இல் ஹுவே நகரில் காலமானார். ஹோய் ஆனில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், அம்மா அதற்கு ஒரு பூ வைத்தார். நம் இந்தியத் தொல்லியல் துறையும் 2017 முதல் சில கோயில்களைச் செப்பனிட்டது. அந்தப் பணியில் 2020-இல் ஒரே கல்லாலான ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. மழையில் செங்கல்லை அடுக்கிய அத்தனை வேலையாட்களுக்கும் சேர்த்தே இந்த நன்றி. பாசி வழுக்கிய படியில் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஏறும்போதும் வந்து, இறங்கும்போதும் எங்கிருந்தோ வந்து நின்ற பெண் காவலருக்கும்.

பேத்தியே, இதைப் படித்துக்காட்டும்போது பாட்டியிடம் இன்னொன்றும் சொல். கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அதற்குப் பாட்டியையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நீ வர வேண்டும். அவ்வளவு நாள் பொறுக்க முடியாது, வரும் கோடை விடுமுறையிலேயே வரட்டும் என்கிறார் அம்மா. திருச்சி விமான நிலையத்துக்கு நாங்களே வந்து அழைத்துக்கொள்கிறோம். கீழ்த்தள அறை பாட்டிக்கு. சாப்பாடு முழுக்க சாய்தான், வெற்றிலை எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு.

மிக்க நன்றியுடன்,
அம்மாவும் நானும்
கும்பகோணம்