துணிச்சல் இல்லாதது யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் தொழில்முனைவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'இன்றைய மாணவர்களுக்கு வேலை தேடத்தான் தெரியும், தொழில் தொடங்கத் துணிச்சல் இல்லை' என்று போகிறபோக்கில் ஒரு வரி. எழுதியவர் பேராசிரியர். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர் துணிச்சலைப் பற்றிச் சொன்னால் நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்!

நானும் துணிந்து பார்த்தவன். இறுதியாண்டில் மூன்று பேர் சேர்ந்து, மண்ணின் ஈரம் பார்த்து மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி ஒன்று செய்தோம். வாங்க ஆள் வந்தது. அவரைப் பார்க்கப் போன நாட்களுக்கெல்லாம் வருகைப்பதிவில் கை வைத்து, அக மதிப்பெண்ணையும் குறைத்தார்கள். அப்புறம் கண்காட்சி. வந்தவர்களுக்கெல்லாம் சர்க்யூட்டை விளக்கச் சொன்னார் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர். முதலில் விண்ணப்பித்துவிட்டுத்தான் காட்ட வேண்டும், ஊரறியக் காட்டிவிட்டால் 'புதுமை போய்விட்டது' என்று பல நாடுகளில் காப்புரிமையே கிடைக்காது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு நிரப்பிய படிவத்தில் கண்டுபிடிப்பாளர் வரிசையில் முதல் பெயர் யாருடையது என்று உங்களுக்கே தெரியும். தொழில் வளர் மையம் என்று ஓர் அறையும் இருந்தது, ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் பூட்டு திறக்கும். அந்த மூவரில் ஒருவன் இன்று கல்லூரி விளம்பரத்தில் சிரிக்கிறான், 'வேலைவாய்ப்பு பெற்றவர்கள்' பகுதியில்.

கூகுளை உதாரணம் காட்டாத கல்லூரி விழா உண்டா? அந்தத் தேடல் முறையின் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திடம்தான் இருந்தது. அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல், கூகுளைத் தொடங்கிய தங்கள் மாணவர்களுக்கே உரிமம் கொடுத்துப் பங்குகளை வாங்கிக்கொண்டார்கள், 2005க்குள் அவற்றை விற்றதில் சுமார் 33.6 கோடி டாலர் வந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகமோ, பொதுவாகக் கண்டுபிடித்தவருக்கே உரிமை என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. கட்டுரையாளர் இதையெல்லாம் அறியாதவராக இருக்க முடியாது, இடம் போதவில்லை போலும்.

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இனி இப்படிக் கட்டுரை எழுதுகிற பேராசிரியர்களிடம், தங்கள் கல்லூரியில் மாணவர் செய்யும் பொருள் யாருக்குச் சொந்தம் என்று ஒரே ஒரு வரி வாங்கிக் கட்டுரையின் கீழே போடுங்கள். அதற்கு இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
வேலை தேடிப் போன முன்னாள் மாணவன்