நூலக வகுப்பை ஏன் நிறுத்த மாட்டோம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன மாதம் நடந்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. எல்லாமே செல்போனில் கிடைக்கும்போது பள்ளிக்கு நூலகர் எதற்கு என்று ஒருவர் கேட்டார். வாரத்தில் ஒரு பாடவேளையை நூலகத்துக்கு விடுவதைவிட அதைக் கணக்குக்குக் கொடுக்கலாமே என்று இன்னொருவர் கேட்டார். இருவரும் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார்கள். அன்று நேரம் போதாமல் சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் நாள் வருவதால் முழுப் பதிலையும் எழுதி எல்லோர் கையிலும் சேர்த்துவிடலாம் என்று தோன்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலக வகுப்பு நிற்காது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை தொடரும். நூலகரும் தொடர்ந்து இருப்பார். பத்தாம் வகுப்புக்குக் கூடுதல் கணக்கு வகுப்பு சனிக்கிழமை காலையில் வைக்கப்படும். நானே பல வருடம் கணக்கு விடைத்தாள் திருத்தியவன். மதிப்பெண் இழக்கும் பிள்ளைகளில் பலர் வாய்பாட்டில் தவறுவதில்லை. நான்கு வரிக் கேள்வியைப் படித்து, அது என்ன கேட்கிறது என்று பிடிப்பதில்தான் தவறுகிறார்கள். படிக்கும் நேரத்தை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்தால் கணக்கும் தேறாது.

நூலகர் எதற்கு என்ற கேள்விக்கு, இந்த ஜூலையில் எட்டாம் வகுப்பில் நடந்ததைச் சொன்னால் நான் சொல்ல வருவது எளிதாகப் புரியும்.

சமூக அறிவியல் ஆசிரியர் வேலூர்ப் புரட்சி பற்றி ஒரு ப்ராஜெக்ட் எழுதச் சொல்லியிருந்தார். 1806 ஜூலை 10 அன்று நம் வேலூர்க் கோட்டைக்குள் நடந்தது. ஒரு மாணவி செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கேட்டு எழுதி வந்திருந்தாள். அழகான கையெழுத்து. தேதி சரி. சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகையைத் திணித்தது, நெற்றிக் குறியும் தாடியும் கூடாது என்றது, திப்பு சுல்தானின் பிள்ளைகள் அப்போது கோட்டையில் காவலில் இருந்தது, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியது, எல்லாமே சரியாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் மூன்று புத்தகங்களின் பெயர், ஆசிரியர், வெளியான ஆண்டு. ஆசிரியருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த மூன்றையும் வாங்கி வைக்கலாம் என்று நூலகரிடம் கொடுத்தார்.

நூலகர் தேடினார். நம் பதிவேட்டில் இல்லை. பதிப்பகங்களின் பட்டியலிலும் இல்லை. அப்புறம் சென்னை கன்னிமாரா நூலகத்தின் பட்டியலைப் பார்த்தார். 1954-இல் வந்த சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அனுப்பப்பட வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. அங்கேயும் இல்லை. கடைசியில் தெரிந்தது இதுதான்: அப்படி மூன்று புத்தகங்கள் எழுதப்படவே இல்லை. ஒன்றில் ஆசிரியர் பெயர் மட்டும் உண்மையான வரலாற்றாசிரியருடையது. புத்தகம் கற்பனை.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை என்பதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அவளை யாரும் திட்டவும் இல்லை. அந்தச் செயலி பல நேரங்களில் எங்கும் போய்த் தேடிப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. இந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கோத்துக்கொண்டே போகிறது. பதிலில் புத்தகப் பெயர் வர வேண்டிய இடம் வந்தால், புத்தகப் பெயர் போலவே ஒன்று வந்து விழுகிறது. உண்மையும் கற்பனையும் ஒரே குரலில், ஒரே தெளிவோடு வருவதால் பெரியவர்களுக்கே பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அடுத்த நூலக வகுப்பு முழுவதையும் நூலகர் இதற்கே எடுத்துக்கொண்டார். ஒரு புத்தகம் நிஜமாக இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது, எழுதியவர் யார், எந்த ஆண்டு, அவருக்கு அது எப்படித் தெரியும் என்று வரிசையாகக் கேட்கப் பழக்கினார். 1881-இல் ஆர்தர் காக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து, 1890-களில் ஸ்டுவர்ட் என்பவர் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேடு ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து காட்டினார். இதை எழுதியது ஆங்கிலேய அதிகாரி, அவர் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்று கேட்டார். பாடப்புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒத்துப்போகும் இடம், மாறுபடும் இடம் என்று குறிக்கச் சொன்னார். வேலூர் மக்கான் பகுதியில் உள்ள நினைவுத் தூணையும், இருநூறாவது ஆண்டுக்காக 2006-இல் வந்த அஞ்சல்தலையையும் சேர்த்துக்கொண்டு அந்த மாணவி ப்ராஜெக்ட்டைத் திரும்ப எழுதினாள். இரண்டாவது தடவை எழுதியது முதலாவதைவிடச் சின்னது. ஆனால் அதில் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று அவளால் சொல்ல முடிந்தது.

இன்றைக்கு நூலகரின் வேலை பெரும்பாலும் இதுதான். புத்தகத்தை அடுக்கி, சேர்க்கை எண் போட்டு, தேதிச் சீட்டில் முத்திரை குத்துவது இன்னும் இருக்கிறது. ஆனால் செல்போன் வந்ததால் அவர் வேலை குறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் தலைகீழாக நினைக்கிறார்கள். முன்பு ஒரு கேள்விக்குப் பதில் கிடைப்பதே பாடு. இப்போது ஒரே கேள்விக்கு ஆயிரம் பதில் வந்து நிற்கிறது. பட்டியலின் மேலே வரும் சில, காசு கட்டி மேலே வந்த விளம்பரங்கள். எதை நம்புவது என்று யாராவது பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கணக்கு வகுப்பு கேட்ட பெற்றோர், இந்தியாவில் நூலகத்துறைக்கே தந்தை என்று மதிக்கப்படுபவர் ஒரு கணக்கு ஆசிரியர்தான் என்பதை அறிந்தால் மகிழ்வார்கள். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அவர் பிறந்த நாளைத்தான் நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம். நூலகத்துக்கு அவர் ஐந்து விதிகள் வகுத்தார்; அவை 1931-இல் நூலாக வந்தன. புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது ஐந்தாவது. கணினி வருவதற்கு முன்பே சொன்னவை இவை. அதே 1931-இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நூலகத்துக்கு வர முடியாதவரைத் தேடி நூலகம் போனது. இன்று அதே வேலையை இணையம் வழியாகவும் செய்கிறோம்.

ரங்கநாதன் பல வருடம் பாடுபட்டதன் பலனாக 1948-இல் நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதலாவது அதுதான். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், ரூபாய்க்குப் பத்துக் காசு. அதாவது கிளை நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். பயன்படுத்தாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

செல்போன் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஒரே போன்தான். அதுவும் அப்பாவோடு ஆம்பூர் ஷூ கம்பெனிக்கோ பேர்ணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைக்கோ போய்விட்டு இரவுதான் வீடு திரும்புகிறது. பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடை அந்தப் பிள்ளை எப்போது ஸ்கேன் செய்வது? வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பாடம், இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பாடம் என்று ஆவதை நான் ஏற்க மாட்டேன். அதனால்தான் நூலகத்தில் நான்கு கணினிகளைப் போட்டு மாலை ஐந்தரை வரை திறந்து வைத்திருக்கிறோம். நம் புத்தகப் பட்டியலையும் கோஹா என்ற இலவச மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். நியூசிலாந்தில் ஒரு சிறிய ஊர் நூலகத்துக்காக 1999-இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. இன்று உலகம் முழுவதும் ஓடுகிறது.

இணையத்தில் நல்லது எவ்வளவு இருக்கிறது என்பதையும் நூலகர்தான் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பல நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அரிய நூல்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். இவை தானாக வந்துவிடவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்கள்தான் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாக உருவாயின. யாரோ ஒருவர் கரையானிடமிருந்து காப்பாற்றி வைத்திருந்தால்தான் இன்னொருவர் அதை ஸ்கேன் செய்ய முடியும்.

இதைச் சொல்லும்போது நம் ஊர் ஞாபகம் வருகிறது. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி கௌண்டன்யா ஆற்றில் தண்ணீர் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடியாத்தத்தில் கரையோரத் தெருக்கள் என்ன பாடு பட்டன! பாலாற்றில் 1903-க்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளம் இல்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். 1903 வெள்ளத்தில் வாணியம்பாடி அழிந்த கதை நமக்குத் தெரிவது, அன்று யாரோ எழுதி வைத்ததால். 2021 வெள்ளத்தை நாம் எல்லோரும் போனில் படம் பிடித்தோம். அந்தப் போன்கள் இப்போது எங்கே? பாதி உடைந்திருக்கும், மீதியைக் கொடுத்துப் புதுசு வாங்கியிருப்போம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களை இடம் போதவில்லை என்று அழித்திருப்போம். இன்னும் ஐம்பது வருடம் கழித்து நம் பேரப்பிள்ளைகள் இந்த வெள்ளத்தைப் பற்றித் தேடினால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் இந்த வருடம் நூலகத்தில் ஊர்ச் சேகரிப்பு ஒன்றைத் தொடங்குகிறோம். உங்களிடம் மிச்சம் இருக்கும் வெள்ளப் படங்களைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள், அல்லது நேரில் வாருங்கள். எந்தத் தெரு, எந்த நாள், எடுத்தவர் யார் என்று எழுதி, இரண்டு இடங்களில் பிரதி எடுத்து நூலகர் பாதுகாப்பார். முகம் தெரியும் படங்களைச் சம்பந்தப்பட்டவர் அனுமதி இல்லாமல் யாருக்கும் காட்ட மாட்டோம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின் பழைய நோட்டீஸ்கள், ஊர்ப் படங்கள், கடிதங்கள் இருந்தாலும் கொடுங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்ய வருவார்கள். கைலி நெய்த தாத்தாக்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். பாவு ஓட்டுவது எப்படி, சாயம் எப்படி ஏற்றினார்கள், கூலி என்ன வாங்கினார்கள், எந்த ஊர் வியாபாரி வந்து எடுத்துப் போனார் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. எந்த இணையதளத்திலும் இல்லை. பீடி சுற்றும் அம்மாக்களும் ஆயாக்களும் தயங்காமல் பேசுங்கள். உங்கள் வேலையும் இந்த ஊரின் வரலாறுதான். பிள்ளைகள் கேட்கும் கேள்வி சில நேரம் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

இனி நடைமுறை விஷயங்கள். நூலகம் பள்ளி நாட்களில் மாலை ஐந்தரை வரையும், சனிக்கிழமை மதியம் ஒரு மணி வரையும் திறந்திருக்கும். பெற்றோரும் வந்து படிக்கலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, புத்தகம் தாமதமாகத் திரும்பினால் அபராதம் கிடையாது. அபராதத்துக்குப் பயந்து புத்தகமே எடுக்காத பிள்ளைகள் இருப்பதை நூலகர் கவனித்துச் சொன்னதால் இந்த மாற்றம். புத்தகம் கிழிந்துவிட்டால் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். சில வருடத்தில் அது பழுப்பேறி, தாளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். கிழிந்தபடியே கொடுத்தனுப்புங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அரசுக் கிளை நூலகத்திலும் எல்லாப் பிள்ளைகளையும் உறுப்பினராக்க விரும்புகிறோம். காப்புத்தொகை சிறியதுதான். அதையும் கட்ட முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், புரவலர்கள் உதவுவார்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை வேலூர் மாவட்ட மைய நூலகத்துக்கு அழைத்துப் போவோம். டிஎன்பிஎஸ்சி, போலீஸ் தேர்வு என்று காலையிலிருந்து அங்கே உட்கார்ந்து படிக்கும் அண்ணன்களையும் அக்காக்களையும் அவர்கள் பார்க்க வேண்டும். தேதியைப் பிறகு தெரிவிக்கிறேன்.

கிளை நூலக உறுப்பினர் படிவங்கள் நூலகரிடம் இருக்கின்றன. வேண்டியவர்கள் பிள்ளையின் டைரியில் ஒரு வரி எழுதி இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பினால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்