டணாய்க்கன்கோட்டை ஓர் ஊருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பவானிசாகர் அணை வற்றினால் போதும், ஒரு படம் வந்துவிடும். வெடித்துக் கிடக்கும் வண்டல், நடுவே கல் மண்டபம், கீழே 'ஆயிரம் ஆண்டு அதிசயக் கோயில்' என்று ஒரு வரி. தங்கள் இதழிலும் அப்படித்தான் வந்திருந்தது. ஆயிரம் கிடையாது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளனின் தளபதி மாதவ தண்டநாயக்கன் காலத்தது. ஏறக்குறைய 700 ஆண்டு. தண்டநாயக்கன் கோட்டைதான் வாயில் தேய்ந்து டணாய்க்கன்கோட்டை ஆனது.

பவானியும் மோயாறும் கூடுகிற இடத்தில் இருந்த ஊர். இப்போது அந்தக் கோயிலோடு அணைத் தண்ணீருக்கு அடியில். ஊட்டி என்றொரு நகரமே இல்லாத 1812-இல், நீலகிரியைப் பார்த்து எழுத வந்த வில்லியம் கீஸ் என்ற சர்வே அதிகாரி மலையேறியது இந்தக் கோட்டைப் பக்கத்துக் கணவாய் வழியாகத்தான்.

என் அம்மா பிறந்தது அங்கே. 1948-இல் அணை வேலை தொடங்கி 1955-இல் முடிவதற்குள் வண்டி கட்டி வெளியேறிய குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. தண்ணீர் அடியோடு இறங்கிய ஒரு கோடையில், மீன்பிடிக்கிறவர் ஒருவரின் பரிசலில் அம்மாவைக் கூட்டிப்போனோம். கோயிலை ஒரு கும்பிடு போட்டதோடு சரி. மண்டபத்துக்கு முதுகைக் காட்டி நின்று, காலடியை எண்ணிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று, "இதாங்கண்ணு எங்க கட்டுத்தரை, அங்க அடுப்படி" என்றார். காலால் வண்டலைத் தள்ளினார். ஆட்டாங்கல்லின் விளிம்பு தெரிந்தது. குழியில் தேங்கிய தண்ணீரில் ஒரு கெண்டைக்குஞ்சு. எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். "வண்டீல எடமில்லீன்னு எங்கப்பாரு உட்டுட்டு வந்த கல்லு. இப்ப பரிசல்ல மட்டும் எடமிருக்குதா?" என்று அதட்டிவிட்டார். அது அவர்கள் வீட்டுக் கல்தானா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

அணையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கீழ்பவானி வாய்க்கால் பாய்கிற 2,07,000 ஏக்கரில்தான் எங்கள் மஞ்சக்காடும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் நான் படித்தேன், என் கல்யாணமும் நடந்தது. ஆனால் சாமிகளை முன்கூட்டியே எடுத்துவந்து கரையில் கோயில் கட்டிவிட்டார்கள். மண்டபத்துக்கும் படம் கிடைத்துவிட்டது. எந்தத் தெருவில் யார் வீடு, எந்தக் கிணற்றில் யார் தண்ணி சேந்தினார்கள் என்பது மட்டும் சில கிழவிகளின் வாயில்தான் மிச்சம்.

அடுத்த முறை தங்கள் நிருபர் கேமராவோடு வரும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவரட்டும். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது சற்று மந்தம். வெயில் தாழ வந்தால் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்.

ஒரு வாசகி,
சத்தியமங்கலம்