வீட்டில் இசை பயில்வோருக்கு எந்த ஹெட்போன், எந்த ஸ்பீக்கர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போனில் இணையம் வழியே பாட்டுக் கேட்போருக்கு ஏற்ற ஹெட்போன்கள், ஸ்பீக்கர்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். பேருந்திலும் ரயிலிலும் பொழுதுபோக்காகப் பாட்டுக் கேட்பவருக்கு அது பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே பட்டியல் வீட்டில் இசை பயில்பவர்களுக்கும் பொருந்தும் என்று கட்டுரையின் இறுதியில் சொல்லியிருப்பது சரியன்று. கும்பகோணத்தில் பல ஆண்டுகளாக வீணை கற்பித்து வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பொழுதுபோக்காகக் கேட்பவருக்குக் காதுக்கு இனிமை கிடைத்தால் போதும். பயில்பவரோ கேட்டதைத் தம் கையிலோ குரலிலோ மறுபடி கொண்டுவந்தாக வேண்டும். கருவி எதை மறைக்கிறதோ அது மாணவரின் பாடத்திலும் இல்லாமல் போய்விடுகிறது.

என் வாத்தியத்தையே எடுத்துக்கொள்கிறேன். மூன்று கட்டை என்ற சுருதி அளவுக்குச் சேர்த்த வீணையில், பெரும்பாலும் வாசிக்கப்படும் சாரணித் தந்தி ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதற்குக் கீழான மந்தரத் தந்தி 82 ஹெர்ட்ஸிலும், எல்லாவற்றிலும் தாழ்ந்த அனுமந்தரத் தந்தி 62 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். செல்போனின் சிறிய ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ ஊமையாகிவிடும். அப்படியிருந்தும் அதில் வீணை கேட்கிறதே என்றால், ஒரு சுரத்தோடு கூடவே எழும் மேல்சுரங்களை மட்டும் கேட்டாலே அவற்றுக்குரிய அடிச்சுரத்தைத் தானாகவே ஊகித்து நிரப்பிக்கொள்ளும் ஆற்றல் நம் செவிக்கும் மூளைக்கும் இருக்கிறது. அதனால் மாணவருக்குச் சுரம் எது என்பது தெரிந்துவிடும். ஆனால் அனுமந்தரத்தில், பாடல் வரியின்றி லயத்தோடு விரியும் தானத்தை வாசிக்கும்போது வித்வான் எவ்வளவு அழுத்தி மீட்டினார், குடத்தின் நாதம் எவ்வளவு நேரம் நின்றது, அடுத்த மீட்டு அதன் மேல் விழுந்ததா, அது அடங்கிய பின் விழுந்ததா என்பவை தெரியாது. செல்போன் ஸ்பீக்கரிலேயே கேட்டுப் பழகிய பிள்ளைகள் கீழ்த்தந்திகளைத் தேவைக்கு மேல் ஓங்கி மீட்டுவதை வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் கேட்டது சதையில்லாத எலும்பு மட்டுமே என்பதால் அந்தக் குறையைக் கைவலிமையால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள்.

இதற்கு நேரெதிரான குறை, தங்கள் கட்டுரை பெரிதும் பாராட்டியிருக்கும் "பேஸ்" கூட்டிய ஹெட்போன்களில் இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பப்படும் சோறு என்ற கரும்பசைதான் அதற்குச் சுருதியோடு சேரும் நாதத்தைத் தருகிறது என்பதை சி. வி. ராமன் 1920இல் அறிவியல் முறையில் விளக்கினார். இடப்பக்கத்துத் தொப்பியில் ஈர ரவை அப்புவதும் அதன் நாதத்தை ஆழமாக்குவதற்குத்தான். தேர்ந்த வித்வான் தொப்பியில் கும்கி கொடுக்கும்போது உள்ளங்கையின் அழுத்தத்தால் சுரம் வளைந்து ஏறும். கீழ் அலைவரிசையைக் கூட்டிவைத்த ஹெட்போனில் அந்த வளைவு முழுவதும் ஒரே "தும்" என்ற அடியாகிவிடுகிறது. தம்புராவின் மந்தர ஷட்ஜமும் (கீழ் ஸ்தாயி ஸ) அதில் மூழ்கிவிடுகிறது. இப்படிக் கேட்டுவிட்டுத் தம் வாசிப்பை வீட்டிலேயே பதிவு செய்து ஒலிச்சமன் செய்கிறவர்கள், தங்களுக்குக் கேட்கும் மிகையைக் குறைக்க எண்ணிக் கீழ்ச்சுரங்களை வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பதிவை வேறொரு கருவியில் போட்டால் தகரத்தில் தட்டியது போல இருக்கிறது.

ஒலிப்பதிவுக்கூடங்களில் பல ஆண்டுகள் கோலோச்சிய யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரின் கதை இங்கே பொருந்தும். 1978இல் வீட்டு உபயோகத்துக்கென்று வெளிவந்த அந்த வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கர் வீடுகளில் அவ்வளவாக எடுபடவில்லை. அதன் ஒலி இனிமையானதன்று. ஆனால் பதிவில் உள்ள குறைகளை, குறிப்பாக நடு அலைவரிசையில் உள்ளவற்றை, ஒளிக்காமல் காட்டியதால் ஒலிப்பொறியாளர்கள் அதைத் தங்கள் மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். 2001இல் அதன் உற்பத்தி நின்றபோதும் உலகெங்கும் பதிவுக்கூடங்களில் அது புழக்கத்தில் இருந்தது. பயில்பவர் தேட வேண்டியது அத்தகைய நேர்மையான ஒலியைத்தான். அது விலையோடு சேர்ந்து வருவதும் இல்லை. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்து, அவற்றின் அலைவரிசைச் சீர்மைக்கும் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று எழுதினார். ஆகவே விலை வரிசைப்படி முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியலிடுவது மாணவர்களின் பெற்றோரை வீண் செலவுக்கு இழுத்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது புளூடூத்தைப் பற்றி. தங்கள் கட்டுரை பரிந்துரைத்த ஹெட்போன்கள் அனைத்தும் வயர் இல்லாதவை. புளூடூத்தில் ஒலி காதை எட்ட, பொதுவாகப் பயன்படும் முறையில், 150 முதல் 250 மில்லி விநாடி வரை தாமதமாகிறது. வீடியோ பார்க்கும்போது செயலியே படத்தையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திவிடுவதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை; வெறுமனே கேட்பவருக்கு இதனால் நட்டமும் இல்லை. ஆனால் ஆதி தாளத்தில் நிமிடத்துக்கு 60 தட்டு என்ற நிதானமான காலத்தில், ஒரு தட்டை நான்கு மாத்திரைகளாகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில், ஒரு மாத்திரைக்கு 250 மில்லி விநாடிதான் இருக்கிறது. கீபோர்டையோ எலெக்ட்ரானிக் வீணையையோ செல்போன் செயலியோடு இணைத்துப் புளூடூத்தில் கேட்டபடி வாசிக்கும் பிள்ளைக்கு, தன் விரல் மீட்டிய ஒலி ஏறத்தாழ ஒரு மாத்திரை தள்ளிக் கேட்கிறது. மிருதங்கப் பதிவொன்றை ஹெட்போனில் ஒலிக்கவிட்டு அதோடு தன் வாசிப்பைப் பதிவு செய்தால், இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது பிள்ளை காலப்பிரமாணம் தவறியது போலத் தோன்றும். தவறு பிள்ளையுடையதன்று, ஆனால் திட்டு வாங்குவது பிள்ளைதான்.

இணைய வகுப்புகளில் நடப்பது இதைவிட மோசம். புளூடூத் ஹெட்போனிலேயே உள்ள மைக்கை இயக்கியதும் அது பொதுவாகத் தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடுகிறது. அப்போது ஸ்டீரியோ போய் ஒற்றைத் தடம் ஆகும். பழைய முறையில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலும், சற்றே மேம்பட்ட முறையில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ளவை வெட்டப்படும். தந்தியில் நகம் படும் அந்தக் கூர்மை, தம்புராத் தந்தியின் அடியில் செருகும் நூலான ஜீவா தரும் மினுமினுப்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. போதாததற்கு, வீடியோ அழைப்புச் செயலிகள் தொடர்ந்து ஒலிக்கும் தம்புராவை மின்விசிறிச் சத்தம் என்று கணித்து அடக்கிவிடுகின்றன. வீணையில் மீட்டிய பின் நீளும் நாதமான கார்வை தேயத் தொடங்கியதும் அதையும் இரைச்சல் என்று கருதிப் பாதியில் அறுத்துவிடுகின்றன. தோடி ராகத்தில் காந்தார சுரத்தை அசைத்து நிறுத்திவிட்டு, நாதம் தீரும்வரை விரலை எடுக்காதே அம்மா என்று நான் இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெளியூரிலிருந்து கற்கும் என் மாணவியோ, நாதம் எப்போதோ தீர்ந்துவிட்டதே டீச்சர் என்று மிகுந்த மரியாதையோடு பதில் சொல்கிறாள். அவள் காதுக்கு எட்டியவரை அவள் சொன்னது உண்மை. செயலியில் இரைச்சல் நீக்கத்தை நிறுத்தி, இசைக்கென்றே சில செயலிகளில் கொடுத்திருக்கும் அசல் ஒலி என்ற அமைப்பை நான் இயக்கி, அவள் வயர் உள்ள ஹெட்போனுக்கு மாறிய பிறகே அந்தக் கார்வையை முழுதாகக் கேட்டாள்.

வயர் உள்ளவற்றைப் பொருத்தச் செல்போனில் துளையே இல்லையே என்ற கேள்வி நியாயமானது. 2016இல் ஐபோன் 7 அந்தத் துளையைக் கைவிட்ட பிறகு மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதே வழியில் சென்றன. ஆயினும் சார்ஜ் துளையில் பொருத்தும் சிறிய அடாப்டர்கள் சில நூறு ரூபாயில் கிடைக்கின்றன. ஒலியை மாற்றித் தரும் சில்லு உள்ளேயே இருக்கும் வகையைக் கேட்டு வாங்கினால் பெரும்பாலான போன்களில் வேலை செய்யும். ஹெட்போனின் மின்தடை அளவான இம்பிடன்ஸ் 32 முதல் 80 ஓம்ஸுக்குள் இருப்பதும் முக்கியம். இசைக் கலைஞர்கள் விரும்பும் சென்ஹைசர் எச்டி 600 போன்றவை 300 ஓம்ஸ் கொண்டவை; அவற்றைச் செல்போனில் நேரடியாகப் பொருத்தினால் ஒலி மெலிந்து போகும். பதிவுக்கூடங்களில் 1991 முதல் புழங்கிவரும் சோனி எம்டிஆர்-7506 வெறும் 63 ஓம்ஸ்தான் என்பதால் செல்போனே அதை இயக்கிவிடும்.

வாய்ப்பாட்டு மாணவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. காதை முழுவதும் அடைக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடினால் சொந்தக் குரல் தலைக்குள்ளேயே முழங்கும். சுருதி விலகுவது தெரியாது. திரையிசைப் பாடகர்கள் பதிவின்போது ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு பாடுவது இதனால்தான். பின்புறம் திறந்த வகை ஹெட்போனில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஆனால் அதன் ஒலி வெளியே கசிந்து மைக்கில் விழும். எனவே சாதகப் பயிற்சிக்குத் திறந்த வகையும் பதிவுக்கு மூடிய வகையும் ஏற்றவை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மூடிய வகையை வாங்கி, பாடும்போது ஒரு காதை விடுவித்துக்கொள்ளலாம்.

ஒலித்தரம் இழக்காத ஸ்ட்ரீமிங் பற்றித் தங்கள் கட்டுரை நீண்ட பத்தி ஒதுக்கியிருந்தது. ஆப்பிள் மியூசிக் 2021இல் இதைக் கூடுதல் கட்டணமின்றித் தரத் தொடங்கியது நல்ல செய்திதான். ஆனால் புளூடூத் வழியே அந்தத் தரம் காதை எட்டாது என்பதை அந்த நிறுவனமே சொல்கிறது. சிடியின் ஒலித்தரவு விநாடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தின் அடிப்படை முறை உயர்தர அமைப்பில் அனுப்புவது ஏறத்தாழ 328 கிலோபிட். மேலும் எங்கள் பாடங்களில் பெரும்பகுதி பழைய பதிவுகள். 1938இல் மறைந்த வீணை தனம்மாளின் இசைத்தட்டுகள் இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. அந்தக் காலத்து மைக்கும் தட்டும் பிடித்துவைத்த அளவுக்கு மேல் எந்தச் சந்தாவும் எதையும் கூட்டிவிடாது. செயலியின் ஒலித்தரத்தை உயர்ந்த நிலையில் நிறுத்தி, ஈக்வலைசரையும் போனில் உள்ள செயற்கை ஒலி விளைவுகளையும் அணைத்துவிட்டு, மிச்சப்படும் பணத்தை நல்ல வயர் ஹெட்போனுக்குச் செலவிடுவதே பயில்பவருக்கு லாபம்.

ஸ்பீக்கர் வாங்குவோர் அறையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். நம் வீடுகளில் சாதகம் செய்யும் அறை பெரும்பாலும் ஒன்பது, பத்து அடிச் சதுரம். சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை. அத்தனை இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 57 முதல் 63 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி தேங்கி முழங்கும். நீளமும் அகலமும் ஒன்றாகவே இருந்தால் அந்த முழக்கம் இன்னும் கூடும். வீணையின் அனுமந்தரமும், ஒரு கட்டை ஆண்குரலுக்கான தம்புராவின் மந்தர ஷட்ஜமும் அந்த எல்லையை ஒட்டியே விழுகின்றன. ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டு இத்தகைய அறைக்குப் போதும். அவற்றை மூலையில் திணிக்காமல் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, தரையில் உட்கார்ந்து வாசிப்பவரின் காது உயரத்துக்குத் தாழ்த்தி, கேட்பவரும் இரு ஸ்பீக்கர்களும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமையும்படி வைத்தால், அதே விலைக்கு இருமடங்கு தெளிவு கிடைக்கும். துணி நிறைந்த அலமாரி, தடித்த ஜமக்காளம், மடித்துச் சுவரோரம் சாய்த்த மெத்தை ஆகியவை எதிரொலியைக் குறைக்கும். கீழ்ச்சுர முழக்கத்துக்கு ஸ்பீக்கரின் இடத்தை மாற்றிப் பார்ப்பதே முதல் வழி.

காதின் நலனைத் தங்கள் கட்டுரை தொடவேயில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபெல்தான். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்; 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு நான்கு மணி நேரமே. சாதகம், இணைய வகுப்பு, கச்சேரிப் பதிவுகள் என்று நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் ஹெட்போன் மாட்டியிருக்கும் பத்து வயதுப் பிள்ளை, மிக்ஸி ஓடும் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டிவைத்தால், அந்த எல்லையை இரண்டொரு நாளிலேயே தாண்டிவிடும். காதுக்குள் அழிந்துபோன உணர்செல்கள் திரும்ப முளைப்பதில்லை. பெரும்பாலான போன்களில் அதிகபட்ச ஒலியளவுக்குப் பெற்றோரே வரம்பு வைக்கலாம் என்பதை ஒரே ஒரு வரியிலாவது எழுதியிருக்கலாம்.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இது: அடுத்த முறை இத்தகைய மதிப்பீடு வெளியிடும்போது, வயர் பொருத்த வழியுண்டா, தாமதம் எத்தனை மில்லி விநாடி, மைக் இயங்கும்போது ஒலி எப்படி மாறுகிறது, இம்பிடன்ஸ் எவ்வளவு ஆகிய நான்கையும் ஒவ்வொரு கருவிக்கும் குறிப்பிடுங்கள். சோதனைக்குத் திரைப்பாடலோடு ஒரு தம்புராச் சுருதியையும், தாள வாத்தியத்தின் தனி ஆவர்த்தனம் ஒன்றையும், வீணைத் தானம் ஒன்றையும் ஒலிக்கவிட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். மார்கழி நெருங்கும்போது பல வீடுகளில் புதிய ஹெட்போன் வாங்குகிறார்கள். அதற்கு முன்பே இந்த விவரங்கள் தங்கள் பக்கங்களில் வந்தால் பெற்றோர் பலருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வீணை ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.