கனவுக்கு விளக்கத் தாள் எதற்கு? சுங்கை சிப்புட் படிப்பகச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

டேவிட் லிஞ்ச் இயக்கிய ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ படத்தைப் பற்றிய கலந்துரையாடல் ஒன்றைப் படிப்பகத்தின் மாத நிகழ்ச்சியில் சேர்க்கும்படி கேட்டிருந்தேன். உங்கள் பதில் கிடைத்தது. “தோட்டத்திலிருந்து வந்த நம் மக்களுக்கு இது புரியாது” என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். நடத்தியே தீர வேண்டுமென்றால் படத்தின் பொருளை ஒரு தாளில் அச்சிட்டு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், மாயையைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் சொற்பொழிவாற்றிய பிறகே மற்றவர்கள் பேச வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளும் விதித்திருக்கிறீர்கள். இரண்டையும் நீக்கக் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். செயலவைக்கு மட்டும் எழுதாமல் எல்லாரும் படிக்க எழுதுவதற்குக் காரணம், அந்த ஒரு வரி ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் இந்த ஊரையே பற்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் திரையிடல் கேட்கவில்லை. பொது இடத்தில் படம் காட்டத் தணிக்கை அனுமதி வேண்டும் என்பதும், இந்தப் படத்தில் பெரியவர்கள் மட்டுமே பார்க்கத்தக்க காட்சிகள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். வயது வந்தவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். மண்டபத்தில் உட்கார்ந்து பேசுவோம். அவ்வளவுதான்.

லிஞ்ச் 2025 ஜனவரியில் காலமானார். அவருடைய பெயரைக் கேட்டாலே ‘குழப்பம்’ என்று ஒதுக்கிவிடும் பழக்கம் உலகெங்கும் உண்டு. ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ முதலில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் மாதிரித் தொடக்கப் பகுதியாக எடுக்கப்பட்டது. 1999இல் தொலைக்காட்சி நிறுவனம் அதை நிராகரித்தது. பிறகு பிரெஞ்சுப் பணத்தில் அது முழுப் படமாக வளர்ந்து, 2001இல் கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றுத் தந்தது. 2016இல் பிபிசி பல நாட்டு விமர்சகர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பில் இந்த நூற்றாண்டின் படங்களில் முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது. இதையெல்லாம் சிபாரிசுக்காகச் சொல்லவில்லை. ‘புரியாது’ என்று சொல்லி ஓரமாக வைக்கப்பட்ட ஒன்று எங்கே போய் நின்றது என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

கதை எளிமையாகத்தான் தொடங்குகிறது. டீப் ரிவர் என்ற சிற்றூரிலிருந்து நடிகையாகும் ஆசையோடு பெட்டி (Betty) என்ற பெண் ஹாலிவுட்டுக்கு வருகிறாள். அவள் தங்கும் வீட்டில், கார் விபத்தில் நினைவிழந்த இன்னொரு பெண் ஒளிந்திருக்கிறாள். தன் பெயரே தெரியாத அவள், சுவரொட்டியில் பார்த்த ஒரு பெயரைச் சொல்லித் தன்னை ரீட்டா என்கிறாள். அவள் யார் என்று இருவரும் தேடுகிறார்கள். படம் இரண்டு மணி நேரத்தை நெருங்கும்போது ஒரு நீலப் பெட்டி திறக்கிறது. அதன்பின் அதே முகங்கள் வேறு பெயர்களோடும் வேறு நெஞ்சங்களோடும் வருகின்றன. யாருடைய கனவு, எது நனவு என்பதை நான் எழுதமாட்டேன். இது ஊரார் படிக்கும் மடல். நானே விளக்கத் தாளாகிவிடக் கூடாது.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். பெட்டி நடிப்புத் தேர்வுக்குத் தயாராகிறாள். வீட்டுச் சமையலறையில் ரீட்டாவோடு வசனத்தைப் பழகிப் பார்க்கிறாள். கோபமும் மிரட்டலும் நிறைந்த மலிவான நாடக வசனம் அது, இருவரும் சிரித்துவிடுகிறார்கள். பிறகு தேர்வில், வயதில் மூத்த ஒரு நடிகரின் அருகில் நின்று, அதே சொற்களைத் தாழ்ந்த குரலில், காதோடு காதாகச் சொல்கிறாள். சொற்கள் மாறவில்லை. ஆனால் மிரட்டலாக இருந்தது வேட்கையாகிவிடுகிறது. அறையில் இருப்பவர்கள் மூச்சு விட மறந்து நிற்கிறார்கள். சற்று முன்வரை வெகுளியாகத் தெரிந்த பெண்ணுக்குள் இவள் எங்கே இருந்தாள் என்று நாமும் திகைக்கிறோம். லிஞ்ச்சின் இருமை என்பது நல்லவள், கெட்டவள் என்ற பங்கீடு அல்ல. ஒரே சொல்லுக்குள், ஒரே முகத்துக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். 1997இல் வந்த ‘லாஸ்ட் ஹைவே’யில் சிறையறையில் அடைபட்ட ஒருவன் மறுநாள் காலையில் வேறொருவனாக இருக்கிறான், அங்கே இரண்டு பெண்களாக வருவதோ ஒரே நடிகை. ‘ட்வின் பீக்ஸ்’ தொடரில் கொலையுண்ட பெண்ணின் முகத்தோடே அவள் உறவுக்காரப் பெண் வந்து நிற்பாள்.

இது நம் மக்களுக்குப் புரியாதா? கோவில் திருவிழாவில் அருள் வந்து ஆடும் பக்கத்து வீட்டு அக்காவை, அந்த நேரத்தில் அம்மனாகவும் மறுநாள் கடையில் அக்காவாகவும் பார்த்துப் பழகியவர்கள் நாம். அவரிடம் போய் “நேற்று இருந்தது யார்?” என்று எவரும் விளக்கத் தாள் கேட்டதில்லை.

கனவும் அப்படித்தான். கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள்: ஒரு பெரிய பட்டணம், ஊரார் தன்மேல் தேளை எடுத்துப் போட்டதுபோல் சொன்ன பொருந்தாத ஒரு வார்த்தை, கணவனுக்குத் தீங்கு என்ற சேதி, அரசன்முன் தான் நின்று வழக்குரைத்தது. காப்பியத்தின் மீதி பாதி அந்தக் கனவுக்குள் நடக்கிறது. ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ படத்தின் தொடக்கப் பகுதியில், உணவகம் ஒன்றில் பட்டப்பகலில் ஒருவன் தன் கெட்ட கனவை நண்பனிடம் சொல்கிறான். கட்டடத்தின் பின்புறம் பயங்கரமான முகமுடைய ஒருவன் இருப்பதாகக் கனவு. இருவரும் பார்க்கப் போகிறார்கள். நல்ல வெயில், சுவர், மூலை. நான் பார்த்த படங்களில் இவ்வளவு வெளிச்சத்தில் இவ்வளவு அச்சம் தந்த காட்சி வேறில்லை. சிலப்பதிகாரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள், கனவைச் சொல்லி முடித்த கணமே எதையோ திறந்துவிட்டோம் என்பதை அறிவார்கள்.

வள்ளுவர் கனவுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். “நனவென ஒன்றில்லை ஆயின் கனவினால் காதலர் நீங்கலர் மன்.” விழிப்பு என்ற ஒன்று மட்டும் இல்லாதிருந்தால், கனவில் வந்த காதலர் என்னைவிட்டுப் போயிருக்கவே மாட்டார் என்கிறாள் ஒருத்தி. இந்தப் படத்தைப் பற்றி வந்த எத்தனையோ கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். இந்தக் குறளின் அருகில்கூட அவை வரவில்லை. நீலப் பெட்டிக்குப் பிறகான பகுதியைப் பார்த்துவிட்டு இந்தக் குறளை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இங்கேதான் மாயைச் சொற்பொழிவு வேண்டாம் என்கிறேன். தத்துவத்தின்மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஆனால் ‘எல்லாம் பொய், பற்று விடுக’ என்று முடிக்கும் பேச்சு இந்தப் படத்தைக் கொன்றுவிடும். சிலென்சியோ என்ற நள்ளிரவு அரங்குக் காட்சியைப் பாருங்கள். மேடையில் ஒருவன் வெளிப்படையாகவே அறிவிக்கிறான்: இங்கே வாத்தியக் குழு இல்லை, எல்லாம் ஒலிப்பதிவு. எக்காளம் ஊதுபவன் கையை எடுத்த பின்னும் ஓசை கேட்கிறது. பிறகு ரெபெக்கா டெல் ரியோ வந்து ஸ்பானிய மொழியில் ஓர் அழுகைப் பாட்டைப் பாடுகிறார். நடுவில் மயங்கிச் சரிகிறார். பாட்டு நிற்கவில்லை. பொய் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பெட்டியும் ரீட்டாவும் தேம்பி அழுகிறார்கள், பார்க்கும் நாமும் கலங்குகிறோம். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.எஸ். ஒருவரே பாடினார் என்று தெரிந்தே கண்ணீர் விட்டவர்களுக்கு இதைக் கற்பிக்க வேண்டுமா? பாட்டு மாயை என்றால் கண்ணீர் எது? லிஞ்ச் அந்தக் கேள்வியோடு நம்மை விட்டுவிடுகிறார். அதற்கு முன்பே விடையைக் கொடுத்துவிட நமக்கு உரிமையில்லை.

அவர் தம் படங்களுக்கு விளக்கம் சொல்ல மறுத்தவர். இந்தப் படம் டிவிடியாக வந்தபோது, காட்சி காட்சியாகத் தாவ முடியாதபடி பகுதிப் பிரிப்பே இல்லாமல் வெளியிடச் செய்தார். உள்ளே பத்துக் குறிப்புகள் கொண்ட தாள் ஒன்று இருந்தது. சிவப்பு நிற விளக்குக் கூண்டு எப்போதெல்லாம் வருகிறது என்று பாருங்கள். மேலங்கியையும் சாம்பல் கிண்ணத்தையும் காப்பிக் கோப்பையையும் கவனியுங்கள். ரூத் ஆன்ட்டி எங்கே? இப்படித்தான் போகும். கண்ணைத் திறந்து வைக்கச் சொல்கிறாரே தவிர, எதற்கும் பொருள் சொல்லவில்லை. தாள் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்தப் பத்தைத் தமிழில் அச்சிடுங்கள். செலவை நான் ஏற்கிறேன்.

‘தோட்டத்திலிருந்து வந்தவர்கள்’ என்பதற்கு வருகிறேன். லிஞ்ச்சின் தந்தை அமெரிக்க வேளாண் துறையில் மரங்களை ஆராய்ந்தவர். அழகான வீடு, நீல வானம், செர்ரி மரம். அந்த மரத்திலிருந்து வழியும் பிசின், அதன்மேல் மொய்க்கும் சிவப்பு எறும்புகள்: தம் சிறுவயதை அவர் நினைவுகூர்ந்தது இப்படித்தான். 1986இல் வந்த ‘புளூ வெல்வெட்’ வெள்ளை வேலியிலும் சிவப்பு ரோஜாவிலும் தொடங்கி, புல்லுக்கடியில் நெரிபடும் பூச்சிகளுக்குள் இறங்கிவிடும். விடியும் முன் நெற்றி விளக்கோடு ரப்பர் மர நிரைக்குள் நடந்து, நேற்று உறைந்த பாலை உரித்துவிட்டு உளியை வைத்து, வெள்ளையாகக் கசிந்து மங்குக் கிண்ணத்தை நோக்கி இறங்கும் பாலையும் அதில் விழுந்து மிதக்கும் எறும்பையும் பார்த்த கண்களுக்கு இது அந்நியமா? அழகின் அடியில் என்ன ஊர்கிறது என்பதை இவர்களைவிட நெருக்கமாகப் பார்த்தவர்கள் யார்?

என் அம்மா இருபது வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவர் வேலை செய்த தோட்டம் இன்று முழுக்கச் செம்பனை. லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்துவிட்டார்கள், நாங்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிக்கு வந்துவிட்டோம். இன்றும் கனவில் அவர் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) தாமதமாகிவிட்டது என்று பதறுகிறார். அதே கனவில் லயத்துக் குழாயடியில் என் மகன் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் பிறப்பதற்கு முன்பே அந்த லயம் இல்லாமல் போய்விட்டது. காலையில் தேநீர் கலக்கிக்கொண்டே அம்மா இதைச் சொல்வார், “தம்பி அங்கேதான் இருந்தான்” என்று. அதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், நம் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தை நம்பி, கூலிக் காசிலிருந்து பங்கு கட்டித் தோட்டம் வாங்கிய தலைமுறை இது. அவர்களுக்குப் பொருளாதாரம் புரிந்தது. ஒரு பெண்ணின் கனவா புரியாமல் போகும்?

எனவே, வரும் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையை இந்தக் கலந்துரையாடலுக்கு ஒதுக்கித் தாருங்கள். மேடை வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொள்கிறோம். முதலில் பேசுபவர் பால் வெட்டியவராக இருக்கட்டும், சொற்பொழிவாளர் விரும்பினால் கடைசியில் பேசட்டும். உங்கள் பதிலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் போதும், ஆட்களை நான் அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
படிப்பக உறுப்பினர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்