மலையில் வழி சொன்னவர்களுக்கு நன்றி

இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளை, ஹோட்டன் சமவெளி, மஸ்கெலியா, சிவனொளிபாத மலை என்று எங்கள் நடைக்குழு சுற்றிவந்த நாட்களில் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல். "அனைவருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடித்தால் அது ஒருவருக்கும் போய்ச் சேராது. அதனால் யார் என்ன சொல்லித் தந்தார்கள் என்பதையே எழுதுகிறோம். இனிப் போகிறவர்களுக்கும் உதவும்.

மாசியில் வாருங்கள் என்று சொன்ன ஹட்டன் ஆசிரியருக்கு முதல் நன்றி. மலையகத்தின் மேற்குப் பக்கம் தை முதல் பங்குனி வரை மழை குறைவு. சிவனொளிபாத மலைப் பருவம் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமியான வெசாக் வரை. மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து மாசியில். மூன்றும் ஒன்றாகக் கூடிவருவது இந்த ஒரு மாதத்தில்தான். ஆடியில் வெளிக்கிட்டால் ஹப்புத்தளை இருக்கிற ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும், ஹட்டன் பக்கம் நனைந்து கிடக்கும்.

நுவரெலியாவிலிருந்து விடியுமுன்னே வண்டியைக் கிளப்பிய சாரதி அண்ணனுக்கு நன்றி. ஹோட்டன் சமவெளியின் வட்டப்பாதை ஏறத்தாழ 9.5 கிலோமீற்றர். அதிலுள்ள உலக முடிவு என்ற மலை விளிம்பில் நிலம் சுமார் 870 மீற்றர் செங்குத்தாக விழுகிறது. ஆனால் ஒன்பது, பத்து மணிக்குக் கீழிருந்து மேகம் ஏறிவிட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான். முதலில் உலக முடிவு, திரும்பும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அருவிக்கு மேகம் ஒரு பொருட்டல்ல. வாசலில் பைகளைச் சோதித்து பொலித்தீன் உறைகளை அகற்றிய உத்தியோகத்தர்களுக்கும் நன்றி. சாப்பாட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனால் வரிசை வேகமாக நகரும். வாகனத் தரிப்பிடத்தில் மரை என்ற பெரிய மான் கிட்ட வந்து நிற்கும். பிஸ்கட் நீட்டாதீர்கள்.

தம்பேதன்னையிலிருந்து லிப்டன் சீட் வரையிலான ஏழு கிலோமீற்றர் ஏற்றத்தில் குறுக்குப்பாதை காட்டிய, கொழுந்து பறிக்கிற அக்காமாருக்குக் கடன்பட்டிருக்கிறோம். (உட்கார்ந்து பார்த்த தேயிலைத் தோட்டத் துரை லிப்டனின் பெயர் இடத்துக்கு இருக்கிறது. பாதை வெட்டியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.) அவர்கள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: கொழுந்து நிறுக்கிற நேரத்தில் படம் எடுக்கக் கூப்பிடாதீர்கள். நிறுக்கிற கிலோவைப் பொறுத்துத்தான் சம்பளம். கூடையில் கொழுந்து நசுங்கிச் சூடேறினால் சிவந்துபோகும், தொழிற்சாலையில் தரம் குறையும். ஒற்றையடிப் பாதையில் கூடையோடு ஒருவர் வந்தால் மேட்டுப் பக்கமாக ஒதுங்கி வழி விடுங்கள். செடிகளுக்குள் இறங்காதீர்கள், ஒடிவது நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து.

மஸ்கெலியாப் பக்கத்து ஈரக் காட்டோரத்தில் அட்டைக் கடிக்கு வைத்தியம் சொன்ன அம்மாவுக்குத் தனி நன்றி. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறை மேல் சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே அழுத்தித் தேய்க்க வேண்டும். மழையில் கரைந்துபோகும் என்பதால் மறுபடி மறுபடி தேய்க்க வேண்டும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்கக்கூடாது. அட்டையின் மெல்லிய முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தைப் படுக்கையாக வைத்துத் தள்ளினால் பிடி விடும், பிறகு தடித்த முனையைத் தள்ளிச் சுண்டிவிடலாம். இரத்தம் உறையாதிருக்க அட்டை ஏதோ ஒன்றைச் செலுத்திவிடுவதால் கடிவாய் நெடுநேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை. கழுவி, துணி வைத்து அழுத்திக் கட்டினால் போதும்.

காமன் கூத்துக் குழுவினருக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ரதி, மன்மதன் வேடம் கட்டுகிறவர்கள் விரதமிருந்து ஆடுகிறார்கள். அதனால் கூத்து நடக்கிற காமன் பொட்டலுக்குள் செருப்போடு போகக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இரவு முழுக்கக் கூத்தைத் தாங்குவது தப்பு என்கிற தோற்பறை. மலையில் பனி இறங்க இறங்கத் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். 'டங்' என்று வர வேண்டிய ஒலி 'தொப்' என்று விழும். அதற்காகவே பொட்டல் ஓரத்தில் வைக்கோலும் சருகும் எரிந்துகொண்டிருக்கின்றன. தப்பைத் தீயில் நேராகப் பிடிப்பதில்லை. அனலுக்கு மேல் சுழற்றிச் சுழற்றிக் காட்டி, விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் தோல் கிழிந்துவிடும். வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி, இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி. பார்க்கப் போகிறவர்கள் அந்த நெருப்பை மறைத்துக்கொண்டு குளிர்காயக் குந்தக்கூடாது. நாங்கள் குந்தினோம், மரியாதையாக எழுப்பினார்கள்.

நல்லதண்ணித் தேத்தண்ணிக் கடைக்காரருக்கு ஒரு வரி. அங்கிருந்து ஏறுகிற 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாத மலைக்கு ஏறத்தாழ 5,500 படிகள். நடுச்சாமத்திலேயே கிளம்பத் துடித்த எங்களை இரண்டு மணிவரை இருத்திவைத்தது அவர்தான். முன்னாடியே போய்ச் சேர்ந்தால் வியர்த்த உடம்போடு உச்சிக் காற்றில் நடுங்க வேண்டும். மாற்றுச் சட்டை ஒன்று அவசியம். சூரியன் வந்ததும் மறுபக்கம் திரும்பிப் பாருங்கள். மலையின் முக்கோண நிழல் மேற்கே விழுந்து கிடக்கும். பார்க்காமலே இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கேட்டு எடுத்த படங்களைக் கழுவி அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றில் வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்துக் காரியாலயம் சுற்றித்தான் வரும், சிலவேளை வராமலே போகும். அதனால் படங்களை ஹட்டனுக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு உறையிலும் பெயரும் லயத்து இலக்கமும் எழுதியாயிற்று.