கண்மாய் வேலை முடிந்தது: ஆயக்கட்டு உறுப்பினர்களுக்குக் கமிட்டியின் கணக்கு

கண்மாய்த் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டு நிலக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம். மாசியில் ஆரம்பித்த தூர்வாரும் வேலை இழுத்துக்கொண்டே போய் ஆவணியில்தான் முடிந்தது. தாமதத்துக்குக் காரணம் நாங்கள்தான், முதலில் போட்ட திட்டமே தப்பு.

உள்வாயை, அதாவது கண்மாயில் தண்ணீர் தேங்குகிற உட்பகுதியை, ஆழமாகத் தோண்டினால் போதும் என்று நினைத்திருந்தோம். வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற நம் நீர்பாய்ச்சி பெரியவர்தான் கூட்டத்தில் எழுந்து, "குழி வெட்டிருவீக, தண்ணி எந்த வழியாய்யா வரும்?" என்று கேட்டார். மறுநாள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலில் நடந்து பார்த்தோம். பாதி தூரம் சீமைக்கருவேலம், ஓரிடத்தில் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் இழுத்து இழுத்துக் கால்வாய் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு வந்திருந்தது. அதனால் பணத்தில் பெரும்பகுதியை அங்கே திருப்பிவிட்டோம். மரத்தை ஏலம் எடுத்தவர் மேலாக வெட்டிக்கொண்டு போய்விட்டார், அடித்தூரை விட்டால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும் என்பதால் ஜேசிபி வைத்துத் தனியாகப் பிடுங்க வேண்டியதாயிற்று. கணக்கில் கூடுதலாகத் தெரிகிற செலவு அதுதான்.

உள்வாயில், வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடையின் மட்டத்துக்குக் கீழே தோண்டவில்லை. அப்படித் தோண்டிய பள்ளத்தில் நிற்கிற தண்ணீர் ஆடுமாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும், வயலுக்கு ஏறாது. கரையை ஒட்டியும் கை வைக்கவில்லை.

கண்மாயில் படிந்த வண்டலான கரம்பை மண் பற்றி நிறையக் கேள்வி. அதை வயலுக்கு அள்ளிப்போக 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார், முன்பு போல ஆட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டாம். ஏக்கருக்கு நஞ்சை என்றால் 75 கன மீட்டர், புஞ்சை என்றால் 90. நம் பேச்சில் சொன்னால் நஞ்சைக்கு சுமார் 26 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). செம்மண், சரளைக் காட்டுக்கு அடித்தவர்களுக்கு லாபம், ஏற்கெனவே களியாகக் கிடக்கிற வயலில் கொட்டியவர்கள் உழும்போது எங்களைத் திட்டாதீர்கள்.

அப்புறம், மேட்டுப் புஞ்சைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கண்மாயில் அள்ளியது பாதி உங்கள் மேல்மண்தான். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் விழுகிறது, சரிவோடு உழுதால் மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடும். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், உடைந்த வரப்பைப் போடுங்கள். பண்ணைக்குட்டை வெட்ட நினைப்பவர்கள் வேளாண் பொறியியல் துறையில் என்ன மானியம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், மனு எழுத ஆள் இல்லையென்றால் கமிட்டியில் எழுதித் தருகிறோம்.

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கின் சிமெண்ட் பூச்சு சித்திரை வெயிலில் சரியாக நனைக்காமல் விட்டதால் வெடித்துவிட்டது. கொத்தனார் தன் கூலியை விட்டுக்கொடுத்துத் திரும்பப் பூசினார், சிமெண்ட் நம் செலவு.

போன வாரம் பெய்த மழையில் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வரத்துக்காலைப் போய்ப் பார்த்தோம். காபி நிறத்தில், சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும் தள்ளிக்கொண்டு, முழங்கால் அளவு வந்தது. வரப்பை இழுத்து நெருக்கிய அந்த இடத்தில் மட்டும் முட்டி நின்று வழிந்தது. நிலத்துக்காரர் கடலை எடுத்ததும் அந்த இடத்தை விட்டுவிடுகிறேன் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறார், சர்வேயருக்கும் மனு கொடுத்தாயிற்று.

வரவு செலவு நோட்டும் ரசீதுகளும் பொருளாளர் வீட்டில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். ஏக்கர் வரி பாக்கி உள்ளவர்கள் நாற்று பாவுவதற்குள் கட்டிவிடுங்கள்.